இன்று இரவு வார்டில் யார்?

குழந்தைக்குப் பெரிய நோய் என்று தெரியவந்த வீட்டில் ஓயாமல் எழும் கேள்வி ‘பிழைக்குமா?’ என்பதாகத்தான் இருக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி எல்லார் தொண்டையிலும் இருக்கிறது. ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பலித்துவிடுமோ என்ற பயம். நாள் தவறாமல் கேட்கப்படுவது வேறு. இன்று இரவு வார்டில் யார்? சின்னவளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை யார் வாங்குவது? அலுவலகத்தில் இன்னும் எத்தனை நாள் விடுப்பு மிச்சம்?

இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஊர் இரண்டே விதமாகத்தான் பேசும். ‘பாவம், இடிந்துபோய்விட்டார்கள்’ என்பது ஒன்று. ‘எப்படித்தான் தாங்குகிறார்களோ, இரும்பு நெஞ்சு’ என்பது மற்றொன்று. இரண்டிலும் நோய் என்பது பெற்றோரின் மன உறுதிக்கு வைக்கப்பட்ட பரீட்சையாகிவிடுகிறது. தேறியவர்கள் தைரியசாலிகள், தேறாதவர்கள் பலவீனர்கள். எனக்கு இந்தப் பார்வையில் உடன்பாடு இல்லை. தாங்குவதில் மன உறுதிக்குப் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எத்தனை கைகள் இருக்கின்றன, மணி நேரங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன, வீட்டுக்குள் எந்தச் சொற்கள் பேசப்படுகின்றன என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதன் சிகிச்சை நீளமானது. நோயுற்ற குழந்தையின் குடும்பத்தைப் பற்றி மருத்துவ உலகம் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த வார்டுகளிலிருந்து வந்தது.

முக்கால் நூற்றாண்டுக்கு முன் இந்தக் கேள்விகளுக்கே இடம் இருக்கவில்லை. குழந்தைக்கு லுகேமியா எனப்படும் இந்த ரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரங்கள், அல்லது சில மாதங்கள்; அவ்வளவுதான். குடும்பத்தின் வேலை விடைகொடுப்பது மட்டுமே. 1947-ன் இறுதியில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினாப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான, லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான மருந்து அது. 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது என்று 1948-ல் அவர் எழுதினார். முன்னேற்றம் நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஆனாலும் அந்த இடைவெளி புதியது. மரணத்துக்கும் நோய்க்கும் நடுவில் சில மாதங்கள் திறந்துகொண்டன, அந்த மாதங்களை எப்படி வாழ்வது என்ற கேள்வி முதன்முறையாகப் பெற்றோர் முன் வந்து நின்றது. 1962-ல் மெம்ஃபிஸ் நகரில் தொடங்கிய செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். 1970 வாக்கில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளைக் குணப்படுத்த முடியும் என்ற நிலை வந்தது. இன்று வசதியான நாடுகளில், மிகப் பரவலான வகை லுகேமியாவில், பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இது மாபெரும் வெற்றி. அந்த வெற்றிக்கான விலையைக் குடும்பங்கள் தங்கள் நாட்களில் செலுத்துகின்றன.

நான்கு வாரமும் இரண்டு ஆண்டும்

சிகிச்சையின் முதல் கட்டம் சுமார் நான்கு வாரம். அது முடிந்ததும் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கிறார்கள். நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நோய் அணுக்கள் நுண்ணோக்கியில் அகப்படாத அளவுக்குக் குறைந்திருக்கும். ‘ரெமிஷன்’ என்று மருத்துவர் சொல்வார். அன்று மாலை உறவினர்களுக்குப் போகும் செய்தி ‘குணமாகிவிட்டது’ என்பதாக மாறியிருக்கும். குழப்பம் தொடங்குவது இங்கேதான். நோய் கண்டறியப்படும்போது ஒரு குழந்தையின் உடலில் லட்சம் கோடி நோய் அணுக்கள் வரை இருக்கலாம். அவற்றில் நூற்றுக்கு 99 அழிந்தாலும் எஞ்சுவது ஆயிரம் கோடி. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் அந்த மிச்சத்தை ஒழிக்கத்தான் அடுத்த இரண்டு, இரண்டரை ஆண்டுகள். முதல் மாதம் ஓடிவந்து உதவியவர்கள் ‘இன்னுமா மருத்துவமனை?’ என்று கேட்கத் தொடங்குவது ஆறாம் மாதத்தில். முடி வளர்ந்துவிட்டது, குழந்தை சிரிக்கிறது, பிறகு என்ன?

பிறகு என்னவென்றால், மாத்திரை. கடைசிக் கட்டத்தில் நாள்தோறும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை இன்னொன்று, அது போக அவ்வப்போது முதுகுத்தண்டில் ஊசி. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. மூடியைத் திறந்த நேரத்தைத் தானே பதிவுசெய்யும் புட்டிகளைக் கொடுத்து அமெரிக்காவில் ஆய்வு செய்தார்கள். நூற்றுக்கு 95 வேளைக்குக் குறைவாக மாத்திரை எடுத்த குழந்தைகளிடம் நோய் திரும்பும் ஆபத்து கூடுதலாக இருந்தது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு இரண்டு வேளை தவறினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். பாசம் குறைந்ததாலா தவறுகிறது? அன்று இரவு அப்பா வேலையிலிருந்து திரும்பத் தாமதமாகியிருக்கும். அம்மா கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் போய் அங்கேயே அசந்திருப்பார். ‘நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். புட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவர் கையொப்பம் இடும் வீடுகள் உண்டு. அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அது செய்யும் வேலையை அறியாதவர்கள்.

காய்ச்சலும் அப்படித்தான். மற்ற வீடுகளில் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரை கொடுத்துக் காலை வரை பார்ப்பார்கள். கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தையின் வீட்டில் அந்தப் பழைய ஞானமே ஆபத்து. கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போயிருக்கும் நேரத்தில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல் ஓர் அவசரநிலை. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதே பல மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு. மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துகொள்ளும், கிருமி மறையாது. ஆகவே வாசலருகே எப்போதும் ஒரு பை. உள்ளே இரண்டு செட் உடுப்பு, சிகிச்சைக் கோப்பு, போன் சார்ஜர், குழந்தை பிடித்துக்கொண்டு தூங்கும் பொம்மை. இந்த வீடுகளில் வெள்ளணு எண்ணிக்கையைக் கேட்கும் ‘கவுன்ட் எவ்வளவு?’ என்ற கேள்வி மற்ற வீடுகளின் ‘சாப்பிட்டாயா?’ போலப் புழங்குகிறது. பிறந்தநாள் விழாவுக்குப் போகலாமா, பள்ளிக்கு அனுப்பலாமா, தும்மிக்கொண்டு வாசலில் நிற்கும் மாமாவை உள்ளே விடலாமா என்று எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவுசெய்கிறது.

சிகிச்சையின் பகுதியாக ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வாரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகம் ஊதும், இரவு இரண்டு மணிக்குப் பசிக்கும், அதுவரை சாதுவாக இருந்த குழந்தை எதையாவது எடுத்து எறியும். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ’ என்று பெற்றோர் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிக்கொள்ளும் வாரங்கள் இவை. மருந்தின் வேலை இது, நிறுத்தினால் அடங்கும் என்று யாராவது முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

தன் மீதே விரல் நீட்டுதல்

நோயின் பெயர் காதில் விழுந்த பிறகு மருத்துவர் சொன்ன எதுவும் ஏறவில்லை என்று பெற்றோர் பலரும் சொல்வார்கள். அது மறதி அல்ல. அதிர்ச்சியில் மூளை அவ்வளவுதான் வாங்கும். அனுபவமுள்ள மருத்துவர்கள் முதல் நாளில் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்வதில்லை. மறுநாள் திரும்பவும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். குறிப்பெடுக்க இன்னொருவரை அழைத்து வரச் சொல்கிறார்கள்.

அதிர்ச்சி வடிந்ததும் வருவது குற்றவுணர்வு. கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிட்டேன், எந்த மருந்தை எடுத்தேன், வீட்டுக்கு ஏன் அந்தச் சாயம் பூசினோம். குழந்தைப் புற்றுநோய்களில் பரம்பரையாக வந்த மரபணு மாற்றம் காரணமாகத் தெரிவது நூற்றுக்கு எட்டு, பத்துப் பேரிடம்தான். மீதிப் பேரில் பெரும்பாலோரிடம், வளரும் உடலில் அணுக்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகளே நோயாகின்றன. பெற்றோர் செய்ததாலோ செய்யாததாலோ வந்தது என்று சுட்ட எதுவும் அகப்படுவதில்லை. இதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நாம் நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. காரணம் இல்லை என்பதைவிடத் தானே காரணம் என்று நம்புவது சிலருக்கு எளிது. குற்றவாளி கிடைத்துவிட்டால் உலகத்துக்கு ஓர் ஒழுங்கு திரும்புகிறது அல்லவா?

இன்னொரு குற்றவுணர்வு தாமதத்தைப் பற்றியது. வெளிறிய முகம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், கால் வலி, இடிக்காமலே தோன்றும் கன்றல். இவை ஒவ்வொன்றும் நூறு குழந்தைகளுக்கு வந்து, நூறு பேருக்கும் தானாகவே போகும் விஷயங்கள். ‘வளரும் வயது, கால் வலிக்கத்தான் செய்யும்’ என்று சொன்ன பாட்டியும், வைரஸ் காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்த மருத்துவரும் தங்களுக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் சொன்னார்கள். பின்னோக்கிப் பார்க்கும்போது மட்டுமே அவை அறிகுறிகள்.

இரண்டு பெற்றோர், இரண்டு வீடு

ஒருவர் வார்டில் தங்குகிறார், மற்றவர் வீட்டையும் வருமானத்தையும் பார்த்துக்கொள்கிறார். தவிர்க்க முடியாத ஏற்பாடு. அதன் விளைவு மெதுவாகத் தெரியும். வார்டில் இருப்பவர் ஆறே வாரத்தில் அரை மருத்துவர் ஆகிவிடுகிறார். மருந்துகளின் பெயர், பக்கவிளைவு, எந்த நர்ஸ் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிப்பார் என்பது வரை அத்துப்படி. மற்றவருக்குக் கிடைப்பது போனில் இரவு பத்து மணிக்கு ஒரு சுருக்கம். அவர் கேள்வி கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற சலிப்பு. கேட்காவிட்டால் ‘அக்கறையே இல்லை’ என்ற குறை. வீட்டில் இருப்பவருக்கோ மற்றொரு மனக்குறை: குழந்தை தன்னைப் பார்த்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டு மற்றவரைத் தேடுகிறது.

இத்தனை உரசலுக்குப் பிறகு மணவாழ்க்கை உடைந்துபோகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பேச்சைப் பெற்றோரின் காதுபடவே பேசுபவர்களும் இருக்கிறார்கள். நார்வேயிலும் டென்மார்க்கிலும் நாடு முழுவதற்குமான மக்கள் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது, புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோரிடையே விவாகரத்து மற்றவர்களைவிட ஒட்டுமொத்தமாக அதிகமாக இருக்கவில்லை. உடையவில்லை என்பதால் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சண்டை போடக்கூட நேரமில்லாத ஆண்டுகள் அவை. ஆனால் ‘இது உங்களைப் பிரித்துவிடும்’ என்ற பயமுறுத்தலுக்கு ஆதாரம் இல்லை என்பது தெரிந்திருப்பது நல்லது.

பலன் தரும் மாற்றங்கள் கூச்சப்படும் அளவுக்குச் சின்னவை. வாரத்தில் ஓர் இரவாவது இடம் மாறுவது. முக்கியமான ஆலோசனைக்கு இருவரும் போவது, முடியாவிட்டால் போனை ஒலிபெருக்கியில் வைத்து மற்றவரும் மருத்துவரின் குரலையே கேட்பது. கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார் இருந்தாலும் அன்றைய நாளை அதில் எழுதுவது. ஒற்றைப் பெற்றோராக இருப்பவருக்கு மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. அவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டாம் ஆள் ஒருவரை மருத்துவமனையின் சமூகப் பணியாளரோ குடும்பத்தாரோ தேடித்தர வேண்டும். மூன்றாம் மாதம் அவர் விழுந்த பிறகு தேடுவதில் பயனில்லை.

பெற்றோர் வார்டில் தங்குவதே ஒரு காலத்தில் போராடிப் பெற்ற உரிமை என்பது இன்று மறந்துவிட்டது. 1950-கள் வரை பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே குழந்தையைப் பார்க்கலாம். அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே வாதம். அந்த அமைதி எப்படிப்பட்டது என்று 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற பிரிட்டன் சமூகப் பணியாளர் படம்பிடித்துக் காட்டினார்: எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி மெல்ல மெல்ல உள்ளொடுங்கிப் போவதை. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு 1959-ல் பிரிட்டனில் வெளியிட்ட அறிக்கை, பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது என்றது. இன்று பல வார்டுகளில் பெற்றோர் இல்லாமல் வேலையே நடக்காது. உடம்பு துடைப்பது, மருந்து ஊட்டுவது, சொட்டு ஏறி முடிந்ததா என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில். உரிமையாக வந்தது சத்தமில்லாமல் கடமையாகிவிட்டது, நாற்காலி மட்டும் அதே நாற்காலி.

கேட்காத பிள்ளை

வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகள் இந்த ஏற்பாட்டில் முதலில் இடம் மாற்றப்படுகிறவர்கள். பாட்டி வீட்டுக்கு, சித்தி வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு. ஐந்தாறு வயதுக் குழந்தை தன் எண்ணத்துக்கு உலகை அசைக்கும் சக்தி இருப்பதாக நம்பும் வயதில் இருக்கிறது. ‘நேற்று அண்ணனோடு சண்டை போட்டேன், செத்துப் போ என்றேன், அதனால்தான் அவனுக்கு இப்படி’ என்ற முடிவுக்கு அது தானாகவே வந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளும். அதற்குப் பக்கத்திலேயே பொறாமை: அவனுக்கு மட்டும் புதுப் பொம்மை, அம்மா முழுவதும் அவனுக்கு. பொறாமைப்பட்டதற்காக இன்னொரு குற்றவுணர்வு.

படுக்கையை நனைப்பது, வயிற்றுவலி, மதிப்பெண் சரிவது என்று வெளியே காட்டும் குழந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறது. கவலைக்குரியவள் எதையுமே கேட்காத மூத்தவள். தானே தலை பின்னிக்கொண்டு, தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ‘நீ எவ்வளவு பொறுப்பான பிள்ளை’ என்ற பாராட்டை வாங்கிக்கொண்டே இருப்பவள். அந்தப் பாராட்டு அவள் வாயை இன்னும் இறுக்கிக் கட்டுகிறது. அவளுக்குத் தேவை வாரத்தில் அரை மணி நேரம். நோயைப் பற்றிப் பேசாத, வேறு யாருக்கும் பங்கில்லாத அரை மணி நேரம். நோயின் பெயரை, அது ஒட்டாது என்பதை, அவளால் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறையாவது வார்டுக்கு அழைத்துப் போக வேண்டும். நேரில் பார்க்காத வார்டைக் கற்பனை மோசமாகக் கட்டிவைக்கும்.

எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால் கதை இன்னும் சிக்கலாகிறது. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்திய குழந்தை ஒரே நாளில் வீட்டின் நாயகன். மாற்று பலிக்காமல் போனால், எட்டு வயதில் ‘என் ரத்தம் சரியில்லை’ என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து அவனுக்கு உண்டு. ஆகவே நல்ல மையங்களில் கொடுப்பவனுக்கும் தனியாகப் பேச ஓர் ஆள் வைக்கிறார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்

மாத்திரையும் பையும் கால அட்டவணையும் கைக்கு அடங்கும் விஷயங்கள். சொற்கள் அப்படி அடங்குவதில்லை. குழந்தைக்கு எவ்வளவு சொல்வது?

எதுவும் சொல்லாதே என்பதுதான் நெடுங்காலம் மருத்துவர்களின் அறிவுரையாகவும் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் லுகேமியா குழந்தைகளோடு பல மாதங்கள் உட்கார்ந்திருந்தார். பெரும்பாலும் மூன்று முதல் ஒன்பது வயது. யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது: மருந்துகளின் பெயர், எந்தக் கட்டத்தில் எந்த மருந்து, பக்கத்துக் கட்டில் குழந்தை எங்கே போனது, தங்களுக்கு அடுத்து என்ன என்பது வரை. தங்களுக்குத் தெரியும் என்பது பெற்றோருக்குத் தெரியக் கூடாது என்றும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பெற்றோர் குழந்தையைக் காப்பதாக நினைத்து மறைக்கிறார்கள், குழந்தை பெற்றோரைக் காப்பதற்காக அறியாததுபோல் இருக்கிறது. 1965-லேயே பெரியவர்களின் மரணப் படுக்கையைக் கவனித்த கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் இருவர் இதற்குப் ‘பரஸ்பரப் பாசாங்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தையும் அதை இவ்வளவு நேர்த்தியாக நடத்தும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஸ்வீடனில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. மரணத்தைப் பற்றிக் குழந்தையிடம் பேசியதாகச் சொன்னவர்கள் 147 பேர். பேசியதற்காக வருந்தியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். தன் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது என்று உணர்ந்தும் பேசாமல் விட்டவர்களிடையே வருத்தம் கூடுதலாக இருந்தது. இந்த எண்களை வைத்து எல்லாப் பெற்றோரையும் பேசு, பேசு என்று நெருக்குவது அபத்தம். பேசாதவர்களில் பெரும்பான்மையோர் வருந்தவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: குழந்தை கதவைத் தட்டும்போது திறக்க வேண்டும். ‘அந்த அக்கா ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் அது தட்டுதல். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்டாலே பாதிக் கதவு திறந்துவிடும். பொய் மட்டும் வேண்டாம். ‘தூங்கிவிட்டாள்’ என்று ஒரு மரணத்தை விளக்கினால், அடுத்த மயக்க ஊசிக்கு முன் அந்தக் குழந்தை ஏன் அலறுகிறது என்று பிறகு வியக்கக் கூடாது.

பெரியவர்களுக்கும் தெரிந்துகொள்ளத் தாமதமாகிறது. பாஸ்டனில் புற்றுநோயால் இறந்த குழந்தைகளைப் பற்றி 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், இனிக் குணமாக வாய்ப்பில்லை என்று மருத்துவர் கோப்பில் பதிந்தது மரணத்துக்குச் சராசரியாக 206 நாள் முன்பு. பெற்றோருக்கு அது உறைத்தது 106 நாள் முன்பு. நடுவில் நூறு நாள். அந்த நூறு நாட்களில் இன்னொரு சுற்று கீமோவுக்குப் பதிலாக வீட்டில் இருந்திருக்கலாமா என்பது ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே விடைதேட வேண்டிய கேள்வி. ஆனால் கேள்வி எழவே வாய்ப்பில்லாமல் போவது அநியாயம்.

வலிதணிப்பு மருத்துவம் என்றதும் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று நடுங்குகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி குழந்தைகளுக்கு அது நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டியது, நோய்க்கான சிகிச்சையோடு கூடவே நடக்க வேண்டியது. தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லங்களில் (ஹாஸ்பிஸ்) உலகின் முதலாவது எனப்படும் ஹெலன் ஹவுஸ், 1982-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த விதமும் இங்கே நினைவுகூரத் தக்கது. மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டு வீட்டில் பராமரிக்கப்பட்டுவந்த சிறுமி ஹெலனின் பெற்றோருக்கு ஃபிரான்செஸ் டொமினிகா என்ற கன்னிகாஸ்திரீ நண்பரானார். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. அவ்வப்போது சில நாள் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார். அந்தச் சில நாள்தான் பிறகு ஒரு கட்டடமாயிற்று.

உதவி என்ற சொல்

‘எது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்பது தொகை எழுதாத காசோலை. நிரப்ப வேண்டிய வேலை ஏற்கெனவே களைத்துப்போனவர் தலையில் விழுகிறது. ‘செவ்வாயும் வியாழனும் சின்னவளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன்’ என்பதுதான் உதவி. ஒரே நிலவரத்தை முப்பது பேருக்குப் போனில் சொல்லும் கொடுமையிலிருந்து காப்பாற்ற, செய்தி சொல்லும் பொறுப்பை ஓர் அத்தையோ நண்பரோ ஏற்கலாம். இணையத்தில் கண்டெடுத்த மூலிகையை அனுப்புவது உதவி அல்ல. கீமோ மருந்தோடு அது என்ன செய்யும் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. ‘நீங்கள் ரொம்ப தைரியம்’ என்பதையும் கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம். அதைக் கேட்டபின் யாரால் அழ முடியும்?

இந்தச் சில்லறை உதவிகள் உயிர்க்கணக்கிலும் தெரிகின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. தாமதமான நோயறிதலும் மருந்துத் தட்டுப்பாடும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள். இன்னொரு காரணம், குடும்பம் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவது. போக்குவரத்துக்குப் பணமில்லை, தங்க இடமில்லை, வீட்டில் மற்ற குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை, குழந்தையோ பார்ப்பதற்குக் குணமானதுபோல் இருக்கிறது. மருத்துவமனையருகே தங்குமிடம், பயணச் செலவு, வராத குடும்பத்தை அன்றே போனில் கூப்பிட ஒரு பணியாளர் என்று ஏற்பாடு செய்த இடங்களில் விட்டுப்போவது குறைந்தது. அந்தப் பெற்றோருக்குத் திடீரென்று தைரியம் வந்துவிடவில்லை.

கடைசி மாத்திரைக்கு மறுநாள்

சிகிச்சை முடிந்த நாளில் கேக் வெட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மறுநாள் காலை பெற்றோர் எழும்போது அவர்களை வந்து பிடிப்பது பயம். இரண்டரை ஆண்டுகள் ஒவ்வொரு மாத்திரையும் ‘ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற பிடிமானமாக இருந்தது. இப்போது செய்ய ஒன்றுமில்லை; காத்திருப்பது மட்டும். நோயிலிருந்து மீண்ட குழந்தைகளைவிடப் பெற்றோரிடம்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் அதிகம் காணப்படுகின்றன. அத்தனை நாள் கல்போல நின்ற அப்பா, எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து, பல்பொருள் அங்காடி வரிசையில் காரணமில்லாமல் உடைந்து அழுவார். ஊருக்கு அது புரியாது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே!

முடியவும் இல்லை. சிலவகை மருந்துகள் இதயத்தைப் பிற்காலத்தில் பாதிக்கக்கூடும், மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைக்குப் படிப்பில் தனி உதவி தேவைப்படலாம், ஆகவே பரிசோதனைகள் அவர்கள் பெரியவர்களான பிறகும் தொடரும். குழந்தையை இழந்த வீட்டிலும் மற்றொரு வகையில் இதே வெறுமைதான்: மணிக்கு மணி வேலை இருந்த நாளில் திடீரென்று ஒரு வேலையும் இல்லை, வார்டில் குடும்பம்போல் ஆகிவிட்ட நர்ஸ்களையும் மற்ற பெற்றோரையும் ஒரே நாளில் இழந்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து யாராவது கூப்பிட்டு, குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசினால் அதைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மீண்ட குழந்தையின் வீட்டில் ஒரு நாள் சாயங்காலம் சின்னவள் பழக்க தோஷத்தில் கேட்பாள், இன்று இரவு யார் என்று. எல்லாரும் இங்கேதான் என்று பதில் வரும். அவள் அதை நம்பாமல் ஓர் அறை விடாமல் போய் எண்ணிப் பார்ப்பாள். வாசலருகே அந்தப் பை இன்னும் இருக்கும். உடுப்பு சின்னதாகிப் போயிருக்கும்; பையைப் பிரித்து அடுக்கத்தான் யாருக்கும் கை வந்திருக்காது.